பச்சையாய் எரிந்த வேர்

"தோண்டக்கூடாது எண்டுதானே சொன்னவங்கள்? நான் தோண்டினனானோ?"

"நானா, நான் கேட்டது அதில்ல—"

"தோண்டினனானோ, இல்லையோ? முதல்ல அதைச் சொல்லு!"

"—அந்தப் பச்சை எங்கயிருந்து வருது எண்டுதான் கேட்டனான்!"

"பச்சையும் மஞ்சளும்! நெருப்பெண்டா நெருப்பு நிறத்திலதான் இருக்கும்."

"நெருப்புக்கெண்டு ஒரு நிறமில்ல நானா. அதுக்குள்ள என்ன வேகுதோ, அதின்ட நிறம்."

ஹலீம் கையிலிருந்த உமிக் கடகத்தைத் தொப்பென்று நிலத்தில் வைத்தான். புகையில் கண் இரண்டும் சிவந்திருந்தன. மூன்று நாளாக அவனுக்கு இதே வேலை. விடியற்காலையில் கடற்கரை மீன்வாடிக்குப் போய், மீனை ஏற்றிக்கொண்டு வவுனியாச் சந்தைக்கு ஓடி, திரும்பி வந்து உடுப்பும் மாற்றாமல் மரம் வெட்டி மிஞ்சின இந்த வேம்பங்குற்றியின் தலைமாட்டில் குந்திவிடுவான். உமியைக் கொட்டுவான், மண்ணால் மூடுவான், புகை குறைந்தால் மூட்டத்தைக் கிளறிவிடுவான்.

தங்கச்சி இஷ்ரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் கைப்பையைக் கூட இறக்கவில்லை. உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறாள். வாசலால் வந்ததும் வராததுமாக நானாவிடம் நேரே போய்க் கேட்டுவிட்டாள். அதுதான் பிழையாகிப் போனது. களைத்து வந்த ஆம்பிளையிடம் முதலில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுத்தான் எதையும் கேட்கவேண்டும் என்று உம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கிறா.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?" ஹலீம் இடுப்பில் கை வைத்தான். "புது வீட்டு அத்திவாரத்துக்குக் கயிறு பிடிச்சாச்சு. குசினி வாற இடத்தில சரியா நடுவில இந்தக் குற்றி. மிதிவெடி எடுக்கிற பொடியள் வந்து என்ன சொன்னவங்கள்? இந்த மரத்தைச் சுத்தி மெஷின் கத்திக்கொண்டே இருக்கு, மரத்துக்குள்ள இருக்கிற இரும்புத் துண்டுக்குக் கத்துதோ மண்ணுக்குள்ள இருக்கிறதுக்குக் கத்துதோ பிரிச்சறிய ஏலாது, அதால ஆழமாத் தோண்டாதேங்கோ எண்டவங்கள். சரி எண்டன். தோண்டேல்ல. எரிக்கிறன். எரிச்சா வேரெல்லாம் தானாச் சாம்பலாப் போகும். இதில என்ன பிழை?"

பிழை சொல்ல முடியாத கதைதான். அந்த வேம்பில் இரும்பு இருந்தது உண்மை. யுத்தம் முடிந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகியும் மரங்கள் வயிற்றுக்குள் வைத்திருப்பதைக் கக்கவில்லை. நிலையும் கதவும் செய்யலாம் என்று அடிமரத்தை வெட்டி வவுனியாவில் ஒரு வாள் ஆலைக்கு ஏற்றிப் போனான் ஹலீம். வாள் பாதிதான் போனது, படாரென்று பல்லுடைந்து நின்றுவிட்டது. ஆலைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டு, "தம்பி, இனிமே முல்லைத்தீவு மரத்தை இந்தப் படலைக்குள்ள கொண்டு வந்திடாதேங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டான். நிலையாக வேண்டிய மரம் விறகாகிப் போயிற்று. குற்றி மட்டும் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எரிக்கிறது பிழை எண்டு நான் சொல்லேல்ல" என்றாள் இஷ்ரா. குரலைத் தணித்துக்கொண்டாள். "நேத்து உம்மா இதில கிடந்த தணலைச் சிரட்டையில அள்ளிக்கொண்டு போய் அடுப்பு மூட்டினவா. கேத்திலுக்குக் கீழ பச்சை நிறத்தில எரிஞ்சுது. நான் என்ட கண்ணால கண்டனான்."

"நானும் கண்டனான்" என்று தகரக் கொட்டிலுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. சபூறா உம்மாவுக்குக் காது இன்னும் பழுதில்லை. "ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினன். அப்பவும் பச்சையாத்தான் எரிஞ்சுது. ஜின்னெண்டா ஓதினவுடன போயிருக்கும்."

"பாத்தியா? உம்மாவே சோதிச்சுப் பாத்திட்டா. ஜின்னில்ல" என்றான் ஹலீம்.

"பகிடி விடாதேங்கோ நானா. நான் அந்தக் கரியில ஒரு துண்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய், பெட்டியால பாத்தனான்."

பெட்டி என்றது ஒரு பெரிய அதிசயமில்லை. சப்பாத்துப் பெட்டி ஒன்றில் மெல்லிய கீறல் வெட்டி, உள்ளே உடைந்த சீடித் துண்டொன்றை ஒட்டி, பிள்ளைகளோடு சேர்ந்து அவளே செய்தது. கீறலை நெருப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு மறுபக்கத்தால் பார்த்தால், கலந்து கிடக்கும் வெளிச்சம் தனித்தனி நிறமாகப் பிரிந்து தெரியும்.

"பெட்டிக்குள்ள என்ன தெரிஞ்சுது? படமோ?"

"ஒரு மஞ்சள் கோடு. அது நீங்கள் குற்றி திரும்பத் துளிர்க்கக் கூடாதெண்டு கொட்டின உப்பு. அந்த மஞ்சள்தான் எல்லாத்தையும் மறைக்குது. அதுக்கு அங்கால பச்சையும் நீலமுமா வரிவரியா இருந்தது. ஆய்வுகூடத்தில இருக்கிற செம்பு உப்பை எரிச்சுப் பாத்தன். அச்சொட்டா அதே வரி. நானா, இதுக்குள்ள செம்பு வேகுது."

"ஒரு பச்சையைப் பாத்து இது செம்பு, இது பித்தளை எண்டு சொல்லுவியோ நீ?"

"சொல்லுவன். ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் இலத்திரன் இருக்கு. அது நினைச்ச இடத்தில நிக்கேலாது. ஏணிப்படி மாதிரி மட்டம் மட்டமா இருக்கு. இந்தப் படியில நிக்கலாம், இல்லாட்டி அடுத்த படியில நிக்கலாம். நடுவில கால் வைக்க இடமில்ல. சூடு பட்டா மேல் படிக்குத் தாவும். ஆனா அங்க தரிச்சு நிக்க ஏலாது, விழத்தான் வேணும். விழேக்க, ஏறுறதுக்கு வாங்கின சக்தியை அப்பிடியே வெளிச்சமாத் திருப்பிக் குடுத்திட்டுத்தான் விழும். எவ்வளவு உயரத்திலயிருந்து விழுந்ததோ, அதுதான் நிறம்."

"ஏணியில ஏறி விழுந்த ஆக்களை நானும் கண்டிருக்கிறன். பச்சையா ஒண்டும் வரேல்ல. வாயால தூஷணம்தான் வந்தது."

கொட்டிலுக்குள் உம்மா சிரித்தா. இஷ்ராவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, கடித்துக்கொண்டாள்.

"உப்புக்கு ஒரு ஏணி, செம்புக்கு ஒரு ஏணி. ஒண்டின்ட படி மற்றதுக்கு வராது. கைநாட்டு மாதிரி. நாங்கள் பொய் சொல்லலாம், அது சொல்லாது."

"கறையானுக்கு அடிச்ச மருந்தா இருக்கும்."

"அந்தப் பச்சை வேற. அதையும் பாத்திட்டன்."

"அப்ப கேபிள். பழைய இரும்பு பொறுக்கிறவன் எவனாவது வயரை இதில போட்டுக் கொளுத்தியிருப்பான். வயருக்குள்ள இருக்கிறது செம்புதானே?"

அது நடக்கக்கூடிய காரியம். ஏணி எதன் கைநாட்டு என்று சொல்லும். எவ்வளவு கிடக்கிறது, எங்கே கிடக்கிறது, எதிலிருந்து வந்தது என்று சொல்லாது. இஷ்ராவுக்கு அது தெரியும். அதைத்தான் வாயால் சொல்ல மனம் வரவில்லை.

"பழைய இரும்புக்காரர் வேற எதுக்குச் செம்பு தேடுறவை நானா?" என்று மட்டும் கேட்டாள்.

ஹலீம் உமியை ஒரு கை அள்ளிக் குற்றியில் எறிந்தான். வெடிக்காத பீரங்கிச் செல்லின் பின்பக்கத்தில் ஒரு செம்பு வளையம் இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் தெரியாத ஆளில்லை. அதைக் கழற்றப் போய்க் கை போனவர்களையும் ஆளே போனவர்களையும் ஊர் கண்டிருக்கிறது.

"வாயைக் கழுவு" என்றான். "அப்பிடி ஏதும் எண்டா போன் பண்ணிச் சொல்ல வேணும். சொன்னா என்ன நடக்கும்? திரும்பவும் சிவப்புப் பலகை, மண்டையோடு, சுத்திவர நாடா. எத்தனை மாசத்துக்கெண்டு ஆருக்குத் தெரியும்? பெருநாள் முடிய உன்னைக் கேட்டு சப்ராஸ் வீட்டார் வருகினம். மாப்பிள்ளைக்கு எந்த வீட்டைக் காட்டுறது? மண்டையோட்டுப் பலகையையோ? உனக்கு மூத்தவள், தாத்தாமார் ரெண்டு பேருக்கும் புத்தளத்தில வீடு கட்டிக் குடுத்தன். உனக்கும் கட்டி உன்னைக் கரைசேர்த்தாத்தான் எனக்கும்…"

நாற்பதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது அவனுக்கு. தாடியில் நரை விழுந்தாயிற்று. வாப்பா புத்தளத்து முகாமில் மவுத்தான நாளிலிருந்து மூன்று பெண்சகோதரிகளுக்கு வீடு என்ற ஒன்றைத் தவிர அவன் வேறெதையும் நினைத்ததாக இஷ்ராவுக்குத் தெரியாது. அதனால்தான் அவளால் பலமாகச் சண்டை பிடிக்கவும் முடியாமல் இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நிலத்தைத் தொட்டுப் பார்த்தாள். குற்றியிலிருந்து நல்ல தூரம் தள்ளித்தான் நின்றாள். ஆனாலும் மண் சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றியைப் போல உள்ளே இருந்து சுட்டது. தட்டி மறைப்புக் கிணற்றடிப் பக்கம், ஒருவரும் நெருப்பு வைக்காத இடத்தில், மண் வெடித்த கீறலொன்றால் மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. தகர வேலியில் கட்டெறும்புகள் வெள்ளை முட்டைகளைச் சுமந்துகொண்டு வரிசையாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

"நானா, நெருப்பு எங்கயெல்லாம் போய் நிக்குது எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"வேர் போற இடமெல்லாம் போகும். அதுக்குத்தானே உமி மூட்டம்."

"இப்ப நிப்பாட்ட ஏலுமோ?"

"மேலால தண்ணி ஊத்தலாம். கீழ போனதை ஆர் நிப்பாட்டுறது? அது தன்ட பாட்டில எரிஞ்சுதான் முடியும்."

அந்த நேரம் சபூறா உம்மா அகப்பையும் கையுமாக வெளியே வந்தா. முகத்தில் சிரிப்பில்லை. எதையோ எங்கேயோ வைத்துவிட்டு மறந்தவவைப் போல வேம்பங்குற்றியையே பார்த்துக்கொண்டு வந்தா.

"என்ன பிள்ள சொன்னாய்? செம்பெண்டோ?"

"ஓம் உம்மா."

"வடிவாத் தெரியுமோ? செம்புதானோ?"

"செம்புதான்."

"யா அல்லாஹ்!" உம்மா அகப்பையோடேயே தலையில் கை வைத்தா. "என்ட கிடாரம்!"

"என்ன கிடாரம்?" பிள்ளைகள் இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"என்ட உம்மாட செம்புக் கிடாரமடா! தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளிக்கிடச் சொல்லேக்க, நீ என்ட இடுப்பில. கையில ஒரு உடுப்புப் பை. அதைக் காவிக்கொண்டு போகேலுமோ? உன்ட வாப்பா வேம்படிக் குப்பைக் கிடங்குக்குள்ள கவிழ்த்து வைச்சு, மேலால மண்ணையும் சருகையும் தள்ளி மூடினவர். ரெண்டு கிழமையால வந்திடுவம், வந்து எடுப்பம் எண்டவர். இருபது வருசத்தால அவரில்லாம நான் வந்தன். வெளிக்கிடேக்க வேம்பு இடுப்பளவுதான். வந்து பாத்தா கட்டிப்பிடிக்க ஏலாத மரம். ஆரோ எடுத்திருப்பாங்கள் எண்டு நான் அதை மனசால விட்டிட்டன்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?"

"தோண்டாதே தோண்டாதே எண்டு சொல்ற இடத்தில, கிடாரம் கிடக்குதெண்டு நான் சொல்லி நீ தோண்டப் போய்… அதான் வாயைத் திறக்கேல்ல." உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தா. "என்ட கலியாணச் சோறு அதிலதான் ஆக்கினது. ஊரே சஹன் தட்டுகளைச் சுத்தி இருந்து திண்டது. இந்தப் பிள்ளைக்கும் அதில ஆக்கலாமெண்டா…"

ஹலீமின் முகம் மாறியதை இஷ்ரா பார்த்தாள். சிறுபிள்ளையின் முகம் போல விரிந்தது. அவளுக்குள்ளும் ஏதோ இளகி இறங்கியது. கிடாரம்! எவ்வளவு நல்ல பதில் அது. செம்பு, வேம்படி, பழைய குப்பைக் கிடங்கு, மேல் உப்புப் பட்டு ஊறின களிம்பு, எல்லாம் சரியாக வந்து பொருந்துகிறதே. பெட்டிக்குள் தெரிந்த வரிகள் பொய் சொல்லவில்லை. அவள்தான் பயந்த பக்கமாக அதை வாசித்துவிட்டாள் போலும்.

"அப்ப உன்ட ஏணி சரிதான்டீ!" ஹலீம் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "ரீச்சர் எண்டா ரீச்சர்தான். இப்பவே எடுத்துத் தாறன், பார்."

கொட்டிலின் தகரத்தோடு சாத்தியிருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"நானா! தோண்டக்கூடாது எண்டு இப்பதானே நீங்களே கத்தினீங்கள்!"

"தோண்டவோ போறன்? வாப்பா அவசரத்தில மூடினது, மேலாலதான் கிடக்கும். நெம்பி எடுக்கப் போறன். விட்டா உருகிப் போயிடும்."

"செம்பு இந்தச் சூட்டுக்கு உருகாது. நெருப்பு அடங்கட்டும், ரெண்டு நாள் பொறுங்கோ."

"கரியைப் பள்ளிக்கூடம் மட்டும் காவிக்கொண்டு போய்ச் செம்பு எண்டு சொன்னவள் நீ. இப்ப செம்பு எண்டு நான் நம்பினா, பொறு எண்டுறாய். உனக்கு என்னதான்டீ வேணும்?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒன்று மட்டும் நெருடிக்கொண்டிருந்தது. வேம்படியில் கிடாரம் முப்பது வருசத்துக்கு மேலாகக் கிடந்தது என்றால், அந்த வருசமெல்லாம் இந்தக் காணி வெறுமையாகக் கிடக்கவில்லையே.

"வேலிக்கு அங்கால அழகம்மாவிட்ட ஒருக்காக் கேட்டிட்டு வாறன்" என்றாள்.

ஹலீமின் முகம் பழையபடி இறுகியது.

"அவவிட்டயோ? போ, போய்க் கேள். வேம்பு தாங்கள் தண்ணி ஊத்தி வளர்த்தது, கிணறு தாங்கள் இறைச்ச கிணறு எண்டு ஆதியிலயிருந்து தொடங்குவா. உறுதி எங்கட கையில இருக்கேக்கயே அவ்வளவு கதை. கிடாரம் இருந்ததெண்டு தெரிஞ்சா அதுக்கும் பங்கு கேப்பா."

"இந்த இடத்தில இருந்தது அவை. எங்களுக்கு என்ன தெரியும்?"

"நீ கேட்டுக்கொண்டு வா. நீ வரேக்க கிடாரம் முத்தத்தில கவிழ்ந்து கிடக்கும்."

"நான் வரும் வரைக்கும் தொடாதேங்கோ. சத்தியமாச் சொல்லுங்கோ நானா."

"ஓமோம், போ."

அந்த ஓமோம் எப்படிப்பட்ட ஓமோம் என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நடந்தாள்.

அழகம்மாவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம்தான். முன்பு கதியால் வேலியில் ஒரு பொட்டு இருந்தது, குனிந்தால் போகலாம். காணிச் சண்டை முற்றிய பிறகு ஹலீம்தான் ஆளுயரத்துக்கு மேலாகத் தகரம் அடித்து, ஒரு கண் போகிற ஓட்டை கூட விடாமல் மூடினான். இப்போது போவதென்றால் படலையால் வெளிக்கிட்டு, ஒழுங்கை நீளத்துக்கு நடந்து, றோட்டில் ஏறி, மதவைச் சுற்றி வரவேண்டும். அஸர்த் தொழுகை முடிந்து வெயில் சரிந்துவிட்டது. இஷ்ரா நடந்த நடை பாதியில் ஓட்டமாகியது.

அழகம்மா முற்றத்தில் பாயில் காய்ந்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தா. மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து தர்மபுரத்துக்கு வந்து, அங்கிருந்தும் ஓடி, ஆளில்லாமல் கிடந்த இந்தக் காணியில் கொட்டில் போட்டு, பன்னிரண்டு பதின்மூன்று வருசம் இருந்தவ. உறுதியோடு உடையவர்கள் வந்து நின்றபோது ஒரு வார்த்தை எதிர்க்காமல் இந்தப் பக்கம் மாறினா என்று ஊர் சொல்லும். பிறகு வேம்பையும் கிணற்றையும் பார்த்துப் பார்த்து வாய் பொறுக்காமல் கதைத்தா என்றும் ஊர் சொல்லும்.

இஷ்ராவைக் கண்டதும் பயந்துபோனா.

"என்ன புள்ள? நான் இப்ப ஒண்ணும் பேசலியே. ஒங்க அண்ணன் அனுப்பிச்சாரா?"

"இல்லம்மா. சண்டைக்கு வரேல்ல. ஒரு விசயம் கேக்க வேணும். வேம்படியில எங்கட உம்மாட கிடாரம் ஒண்டு…"

அழகம்மாவின் கால் நெல்லுக்குள் அப்படியே நின்றது. பாயை விட்டிறங்கி வீட்டுப் பின்பக்கம் நடந்தா. இஷ்ராவும் பின்னால் போனாள்.

அங்கே மூன்று கல்லின் மேல், சாக்கால் மூடி இருந்தது அது. அழகம்மா சாக்கை இழுத்தா. கரி பிடித்த பெரிய வயிறு. உள்ளே அவிப்பதற்கு ஊறப்போட்ட நெல். வாயோரம் மட்டும் கை பட்டுப் பட்டு, செக்கச்செவேலென்று மின்னியது.

"களவு இல்ல புள்ள. சாமி சத்தியமா இல்ல. செல்லுக்கு ஒளிஞ்சிருக்க பங்கர் குழி வெட்டினப்ப மண்ணுக்குள்ள இருந்து வந்துச்சு. யாரோ நல்லா வாழ்ந்த வூட்டுச் சாமான்னு எங்க வீட்டுக்காரர் ராசு சொன்னாரு. வந்தா குடுத்திடணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. அப்பறம் அவரே இல்லாமப் போயிட்டாரு. நீங்க வந்தப்ப குடுக்கலாம்னு பாத்தேன். நாள் தள்ளித் தள்ளிப் போயி, வேலிச் சண்டை வந்திருச்சு. இத நான் தூக்கிட்டு வந்தா, இன்னும் என்னென்ன எடுத்தேன்னு கேப்பீங்களேன்னு பயம். எடுத்துட்டுப் போ புள்ள. நெல்ல மட்டும் அள்ளிக்கிறேன்."

இஷ்ரா விளிம்பில் கை வைத்தாள். குளிர்ந்த செம்பு. உம்மாவின் கலியாணச் சோறு வெந்த செம்பு. ஒரு கணம் அழுகையே வந்துவிட்டது. இதை உம்மாவுக்கு உருட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும், நானாவையும் கூட்டி வந்து இந்த அம்மாவோடு கதைக்க வைக்கவேண்டும் என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

விளிம்பிலிருந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

கிடாரம் இங்கே இருக்கிறது.

"அம்மா" என்றாள். "இது இஞ்ச இருக்கெண்டா… வேம்படியில வேற என்ன செம்பு கிடக்கு?"

"செம்பா? அங்க என்ன செம்பு…" அழகம்மா நெற்றியைச் சுருக்கினா. "பங்கர நாங்கதான் மூடினோம். மூடுறப்ப…"

"மூடேக்க?"

"அந்தப் பெரிய செல்லு இருந்துச்சுல்ல, அத விட்டுட்டுத்தான் மண்ணத் தள்ளினாரு."

"எந்தச் செல்?"

"கடசி மாசத்துல விழுந்தது புள்ள. எல்லாரும் பங்கருக்குள்ள இருக்கோம். மரத்துல ஒரு கொப்ப முறிச்சுக்கிட்டு வந்து, பங்கர் வாசல்ல, வேருக்கு அடியில குத்திக்கிட்டு நின்னுச்சு. வெடிக்கல. ஜெபமோ தேவாரமோ, அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லிக்கிட்டு ஒவ்வொருத்தரா அதத் தாண்டித்தான் வெளிய வந்தோம். பின்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு. செவப்பா ஒரு வளையம், வளையல் கணக்கா…"

அழகம்மா தானே சொன்னதைத் தானே கேட்டு நிறுத்தினா.

"ஏம்மா, ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"யாருக்குச் சொல்ல? மிசினு வச்சுத் தேடினவங்க எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். ஆழமாத் தோண்டக்கூடாதுன்னு அவங்க சொன்னதாக் கேள்விப்பட்டேன், சரி, தோண்டாட்டி ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தேன். ஒங்க அண்ணன் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசி ரெண்டு வருசம் ஆவுது." அழகம்மா தகர வேலிக்கு மேலால் எழும்பும் புகையைப் பார்த்தா. மூன்று நாளாகப் பார்த்த புகைதான். இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவவைப் போலப் பார்த்தா. "மரத்த வெட்டினது தெரியும். எல, சருகு எரிக்கிறீங்கன்னுல்ல இருந்தேன். புள்ள… அங்க என்ன எரியுது?"

"வேர்" என்றாள் இஷ்ரா.

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் அவளுக்கு அது கேட்டது. வந்த நேரத்திலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அவள் காதில் வாங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், நிதானமாக, மூச்சு எடுத்து மூச்சு எடுத்து, மண்ணில் இறங்கும் அலவாங்குச் சத்தம். தொப். தொப்.

தொப்.

பிறகு, ணங்ங்.

இரும்பு இரும்பில் படும் சத்தத்தைக் கேட்டு, நெல்லுப் பாயில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் தலையைத் தூக்கின. அதற்குப் பின்னால் ஹலீமின் குரல். சின்ன வயதில் பெருநாள் உடுப்பு வாங்கி வந்து வாசலில் நின்று கூப்பிடுவானே, அந்தக் குரல்.

"உம்மா! ஓடி வாங்கோ! அம்பிட்டிட்டுது! கிடாரம் அம்பிட்டிட்டுது! கொஞ்சம் நெம்பினாச் சரி!"

"எங்கடா? எங்க மனே?" உம்மாவின் குரலும், உம்மாவின் செருப்புச் சத்தமும், கொட்டிலிலிருந்து குற்றியை நோக்கி.

இஷ்ரா ஓடினாள். மதவைச் சுற்றிப் போக நேரமில்லை. நெல்லை மிதித்துக்கொண்டு நேரே வேலிக்கு ஓடினாள். உயரத் தகரம், நானாவின் கையால் நெருக்கி ஆணி அடித்த தகரம், விரல் நுழைய ஒரு இடைவெளி இல்லை. வெயிலில் கிடந்த தகரம் கையைச் சுட்டது. இரண்டு கையாலும் அதில் அறைந்தாள். எறும்புகள் முட்டைகளோடு அவள் கையில் ஏறின.

"நானா! நெம்பாதேங்கோ! கிடாரம் இஞ்ச இருக்கு நானா, கிடாரம் இஞ்ச இருக்கு!"